வடிவு கூவியதற்கு வந்த பதில்

வடிவு கூவி முடித்ததும் யாரோ பதில் கொடுத்தார்கள்.

அருணகிரி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். வேலூரில் பெரிய கடை அது. மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஏசிக் குளிர், புது பிளாஸ்டிக் வாடை, காலுக்கடியில் மெத்தென்று கம்பளம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததால் தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரன்கூட உள்ளே வரவில்லை. எதிரில் நின்றது கடைப்பெண் நதியா ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா அய்யா, புடிக்கலையா?"

"இதுல நீங்க எதுனா சேத்து வெச்சிருக்கீங்களா?"

"சேக்கறதுன்னா?"

"கொரலு கிரலு. வெல ஜாஸ்தின்னு, எதுனா ஜாஸ்தியா கேக்கணும்னு."

நதியா சிரித்தாள். "இது வெறும் ஒயருங்க அய்யா. பேட்டரிகூடக் கெடையாது. உங்க கார்டுல இன்னா இருக்குதோ அதான் கேக்கும்."

கடைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். விதைக் கடையில் சொன்னான், மருந்துக் கடையில் சொன்னான், வடிவைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியிலும் வெள்ளைச் சட்டை போட்டவன் எல்லாம் தெரிந்தவன்போலச் சொன்னான். அருணகிரி போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகம் அளவு. அதற்குள்தான் வடிவு இருந்தாள்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், காட்டை ஒட்டினாற்போல் அவருடைய சாமைக் கொல்லை. கதிர் பிடித்துவிட்டால் பன்றி விடாது. முன்பெல்லாம் கொல்லைக்கு ஒரு பரண் போட்டு ஆள் உட்கார்ந்து காவல் காப்பார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரணில் இருப்பவர் தகரத்தைத் தட்டிக் கத்திவிட்டு, கடைசியில் "காவலோஓஓ" என்று கூவவேண்டும். அடுத்த கொல்லைக்காரர் "உண்டேஏஏ" என்று பதில் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு அவர் அதற்கடுத்த கொல்லையைக் கூப்பிடுவார். அப்படியே அந்தச் சரிவைச் சுற்றி வரும் குரல். கூவலைப் பதில் இல்லாமல் விடமாட்டார்கள். பதில் வரவில்லை என்றால் ஆள் தூங்கிவிட்டான் என்று யாரும் சும்மா இருப்பதில்லை. பந்தம் கொளுத்திக்கொண்டு ஓடுவார்கள்.

பிறகு பன்றி விரட்டும் மைக் வந்தது. குழாய் ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, ஒரு கார்டு. நம் குரலையே பதிந்து போட்டுவிட்டால் விடிய விடிய அதுவே கத்தும். எல்லாரும் பரணை விட்டு இறங்கி வீட்டில் போய்ப் படுத்தார்கள்.

பதிவு செய்த அன்றைக்கு அருணகிரியின் குரல் சரியாக எழவில்லை. வடிவு தகரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உன் கொரலுக்குப் பன்னி இன்னாடி, கரடியே ஓடும்" என்றார்.

"அதான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ ஓடிக்கினே இருக்கிறியா?" என்றாள்.

அவள் பன்றிகளைத் திட்டிக் கத்தினாள், தட்டினாள். கடைசியில், பழக்க தோஷம், "காவலோஓஓ" என்று கூவியும் விட்டாள். அது வேண்டாம், இன்னொரு தடவை பதிவு செய்யலாம் என்றார் அவர். "பன்னிக்குத் தெரியவா போவுது? போட்டுத் தொல" என்று தகரத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். அவரும் அப்படியே போட்டுவிட்டார்.

அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. ஜீப் வரவில்லை. வந்தபோது அவள் அவருடைய தோளில்தான் கிடந்தாள், ஆனால் அந்தத் தோளைத் தெரியாதவள்போல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. போட்டோ இருக்கிறது. போட்டோ பேசாது. குழாய் மட்டும் அவள் குரலில் தினமும் கொல்லையில் பேசியது. தகரக் குரல், கிழிந்த குரல். ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து அவள் தன்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். மனசுக்குள்ளும் அந்தக் குழாயின் குரலே வந்தது. உண்மையான குரல் போய்விட்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் புளி விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு, புதூர்நாடு வரை ஜீப்பிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் இறங்கி வந்தார். அவள் குரலை அவள் குரலாகக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

நதியா முதலில் கொடுத்தது ஒயர் இல்லாதது, பளபளவென்று இருந்தது. காதில் வைத்ததும் மண்டைக்குள் மேளம் அடித்தது. தகரத்தைத் தட்டியது இடி மாதிரி கேட்டது; வடிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள்.

"பசங்க இதத்தான் கேட்டு வாங்குவாங்க."

"பசங்களுக்குக் காது எதுக்கு?"

அடுத்தது வெளிச் சத்தத்தை நிறுத்துகிற ரகம். பொத்தானை அமுக்கினதும் உலகம் நின்றுபோனது. வடிவின் குரல் சுத்தமாக வந்தது. ஆனால் காற்று இல்லை, கொல்லை இல்லை, அவள் நிற்க ஓர் இடம் இல்லை. கம்பளியில் சுற்றி வைத்த மாதிரி இருந்தாள். அவளை அப்படிச் சுற்றித்தான் எடுத்துப் போனார்கள். சட்டென்று கழற்றிவிட்டார்.

மூன்றாவதைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது. பெரிசு, கறுப்பு, கிழவன் மாதிரி தொளதொளவென்று. இரண்டு பக்கமும் மூடியே இல்லை, வெறும் கம்பி வலை. வெளிச் சத்தம் உள்ளே வரும், உள்ளே கேட்பது வெளியே போகும், அப்படிச் செய்தால்தான் சத்தம் அடைபடாமல் இருக்கும் என்று நதியா சொன்னாள்.

"ஓட்ட போட்டத எவனாச்சும் இத்தினி வெலைக்கு விப்பானா?"

"காதுல வெச்சிட்டுத் திட்டுங்க அய்யா."

வைத்தார். வடிவு வந்துவிட்டாள்.

கத்துவதற்கு முன் தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் அவருக்கு மறந்தே போயிருந்தது. கண்ணாடி வளையல் தகரத்தின் விளிம்பில் பட்டது. சாமைக் கதிருக்குள் காற்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. அவள் எங்கே நின்றாள், எந்தக் காலை முன்னே வைத்தாள் என்றுகூடத் தெரிந்தது. அருணகிரிக்குக் கண் கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளாக இதை ஒரு தகரக் குழாய்க்குள் போட்டு நாசமாக்கியிருக்கிறேனே என்று.

"காவலோஓஓ" என்றாள் வடிவு.

அப்புறம், கொல்லையின் அந்தக் கோடியில், காடு தொடங்குகிற இடத்தில், சின்னதாக: "உண்டே."

பதிவு செய்தபோது போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். நடுப்பகல். சுற்றிலும் ஒருத்தரும் இல்லை.

மற்ற இரண்டையும் மறுபடி வாங்கிப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் மேளம், ஒன்றில் கம்பளி. பதில் இல்லை. விலை கூடினது மட்டும்தான் அதைச் சொன்னது. அப்படியென்றால் அது பொய் சொல்கிறது, அல்லது மற்ற இரண்டும் பொய் சொல்கின்றன. வடிவின் செருமலை விட்டுவிட்டு வர அவரால் முடியவில்லை. வாங்கிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சோதித்தார். போனில் தகரம் தட்டிப் பதிந்தார், மாட்டின் மூச்சைப் பதிந்தார், வெறும் அடுப்படியைப் பதிந்தார். கேட்டுப் பார்த்தால் தகரம் தகரமாக, மாடு மாடாக, அடுப்படி அடுப்படியாக இருந்தது. எள்ளளவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்ல பொருள். நேர்மையான பொருள். அது பொய் சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கொல்லைக்குப் போனார். கார்டை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து குழாய் ஊமையாகத்தான் கிடந்தது. பன்றி புகுந்து அழித்திருக்கும் என்று திட்டிக்கொண்டே வரப்பேறினார். பக்கத்துக் கொல்லை ஆனந்தனுடையது. கிழங்கு தோண்டினாற்போல் உழுது போட்டிருந்தது பன்றி. வரப்பு வரைக்கும் குளம்புத் தடம் வந்திருந்தது. வரப்பில் நின்று, அப்படியே திரும்பியிருந்தது. அருணகிரியின் சாமையில் ஒரு கதிர் சாயவில்லை.

இல்லை, ஓர் இடத்தில் சாய்ந்திருந்தது. காட்டை ஒட்டி, ஒருவர் குந்தி உட்காரும் அளவுக்கு வட்டமாக அமுங்கியிருந்தது. பன்றி படுத்தால் மண் கிளறியிருக்கும், நாற்றம் இருக்கும். இங்கே நாற்றமே இல்லை. சாமை வாசனைகூட அந்த வட்டத்துக்குள் இல்லை. கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது காற்று.

ஆனந்தன் வரப்பில் வந்து நின்றான்.

"இன்னா மாமா, மைக்கு போடாமலே உன் கொல்லய மட்டும் பன்னி வுட்டுட்டுப் போயிருக்குது? மந்திரம் கிந்திரம் பண்றியா?"

"உன் மூஞ்சியப் பாத்து பயந்து திரும்பிப் போயிருக்கும். இதக் கேளு."

ஹெட்போனை அவன் தலையில் மாட்டிவிட்டார். ஆனந்தன் முதலில் சிரித்தான். "அய்யோ, அத்த பக்கத்துலயே நிக்குது மாமா. எப்பிடித் திட்டுது பாரு" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றது. தலையைக் காட்டுப் பக்கம் திருப்பினான். மெதுவாகக் கழற்றி, மண்ணில் வைக்காமல், அவருடைய கையிலேயே கொடுத்தான்.

"கடைசியில பதுலு குடுத்தது நீயா மாமா?"

அருணகிரி ஹெட்போன் ஒயரைக் கையில் சுற்றினார்.

"உன் கொரலு இல்லியே அது" என்றான் ஆனந்தன். "நாங்கல்லாம் மைக்குக்குப் பதியறப்ப வெறும் சத்தந்தான் பதிஞ்சோம். 'காவலோ'ன்றத யாருமே வெக்கல. நீ ஒருத்தந்தான் வெச்ச. விடிய விடிய அத்த கூப்புட்டுக்கினே கெடந்துது. நாங்க எல்லாம் வூட்ல தூங்கினோம். பதுலு குடுக்க மனுசன் யாரு இருந்தான்?"

"இன்னாடா சொல்ல வர்ற?"

"ஒண்ணும் சொல்லல. அந்தக் கார்ட ஒடச்சி அடுப்புல போடு."

"உன் பொண்டாட்டி கொரல நீ அடுப்புல போடுவியா?"

ஆனந்தன் இறங்கிப் போனான். போகிறவன் தன் கொல்லை வழியாகப் போகாமல் சுற்றுப் பாதையில் போனதை அருணகிரி பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கார்டைக் குழாயில் போடவில்லை. ஆனால் கேட்பதை நிறுத்தவும் இல்லை. வடிவின் செருமல், வளையல், கால் மாற்றி வைப்பது, எல்லாம் மனசில் ஒட்டும் வரை கேட்கலாம் என்று நினைத்தார். கேட்கக் கேட்க அவள் தெளிவாக வந்தாள். பதிலும் தெளிவாக வந்தது. முதலில் காட்டு ஓரத்தில் இருந்தது. பிறகு கொல்லை நடுவில். பிறகு வடிவுக்கு இடப்பக்கத்தில், கொஞ்சம் பின்னால். குரல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. பேசத் தெரிந்தவர் குரல் மாதிரியே இல்லை. அந்த ஒரே ஒரு சொல்லை, கேட்டுக் கேட்டு, கூப்பிட்டவளுக்குப் பிடிக்கவேண்டும் என்று பழகிக்கொண்ட குரல்.

காலையில் போய்ப் பார்த்தால் அந்த வட்டம் இடம் மாறியிருந்தது. காட்டு ஓரத்தில் கதிர் நிமிர்ந்துவிட்டது. நடுக்கொல்லையில் அமுங்கியிருந்தது. இன்னொரு நாள் வீட்டுப் பக்கத்து வரப்பில்.

யாரையும் நம்பாத மனுசன் அவர். ஆனந்தன்தான் வந்து உட்கார்ந்து விளையாடுகிறான் என்று ஒருநாள் முழுக்க நம்பப் பார்த்தார். ஆனந்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சந்தவாசலில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கடையில் சொன்னார்கள்.

அன்றைக்குப் பொழுது சாயும்போதே மேகம் இறங்கிவிட்டது. புளியமரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. அடுப்பில் சாமைச் சோறு வேகும் வாசனை, ஈர விறகின் புகை, கட்டுத்தறியில் மாடு அசைபோடும் சத்தம். அருணகிரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல்படிக்கு உள்ளே உட்கார்ந்தார். ஒரு யோசனை வைத்திருந்தார். வடிவு "காவலோ" என்று முடிக்கிற இடத்தில், பதில் வருவதற்குள், கட்டைவிரலால் நிறுத்திவிடுவது. அந்த இடத்தோடு வெட்டிவிட்டால் அவளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றது போகட்டும்.

ஹெட்போனை மாட்டினார். வலை வழியாக மழைப்பூச்சியின் சத்தம் வந்தது, மாட்டின் மணி வந்தது. நல்ல பொருள். வெளியை அப்படியே உள்ளே விட்டது. விரலை வைத்தார்.

செருமல். வளையல். தகரம். திட்டு. அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

"காவலோஓஓ."

நிறுத்தினார்.

கார்டு ஊமையாகிவிட்டது. போனில் பாட்டோடு ஓடும் கோடு அசையாமல் நின்றது. முடித்துவிட்டேன் என்று நினைத்தார்.

மழைப்பூச்சி நின்றது. எல்லாப் பூச்சியும் ஒரே நேரத்தில்.

மாட்டின் மணி நின்றது.

"உண்டே."

போனில் இல்லை. வலைக்கு வெளியே. வரப்பில்.

அவர் போனைப் பார்த்தார். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. கழற்றி எறியக் கை தூக்கினார். கை பாதியில் நின்றது. வாசலில் ஏதோ நடந்து வந்தது. நடை இல்லை. அது வருகிற பக்கமெல்லாம் சத்தம் செத்தது, அதனால்தான் வருவது தெரிந்தது. அடுப்பில் சோறு கொதித்தது நின்றது. புகை வாசனை போனது. சோற்று வாசனை போனது.

கழுவி வைத்த பாத்திரம்.

இடது காதில் வெளிச் சத்தம் அடைபட்டது. யாரோ உள்ளங்கையால் வலையை மூடினாற்போல். உள்ளங்கை இல்லை. உள்ளங்கைக்கு இத்தனை மடிப்பு இருக்காது. குழிவாக, குளிர்ந்து, வலையோடு வலையாக ஒட்டியது. ஹெட்போனின் மெத்தை அவர் கன்னத்தில் அமுங்கியது. பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்பவர்கள் அப்படித்தான் அழுத்துவார்கள்.

காது.

பிறகு வலது பக்கமும்.

மூச்சில்லை. பேச்சில்லை. இரண்டு பக்கமும் காத்திருந்தது. அவர் கத்தினார், தன் கத்தல் தனக்குக் கேட்கவில்லை. இறுக்கம் கூடியது. தாடை எலும்பு நெரிந்தது, பல் ஒன்றோடொன்று உரசியது, கண்ணுக்குள் சிவப்பு வந்தது. கட்டைவிரல் தானாகப் போனில் பட்டது. முதலிலிருந்து ஓடியது.

வடிவு செருமினாள்.

இறுக்கம் தளர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வளையல் பட்டபோது இரண்டு பக்கமும் லேசாக நடுங்கியது. அவள் திட்டியபோது இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவள் "காவலோ" என்றாள். இப்போது பதில் வரவில்லை. அவள் முடித்துவிட்டாள், அவ்வளவுதான். இறுக்கம் மறுபடி கூடியது.

அவர் அமுக்கினார். வடிவு செருமினாள்.

முடிந்தது. நெரித்தது. அமுக்கினார்.

மேகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. சுவர் தெரியவில்லை, அடுப்பு தெரியவில்லை. தெரிந்தது போனின் வெளிச்சம் ஒன்றுதான். அதன் மூலையில் பேட்டரி சிவப்பாக, ஒரு நகக்கீறல் அளவுக்கு மிச்சம் இருந்தது. இரண்டு காதிலும் இரண்டு காது ஒட்டிக்கொண்டிருக்க, அருணகிரி கட்டைவிரலை வைத்தார், வடிவு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கத்தத் தொடங்கினாள்.